கழித்துக்கட்டும் வயது

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஆலோசகர் என்று ஒருவர் இருப்பார். பாட்டி இறந்த துக்கத்தில் இருக்கும் பிள்ளை, சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் இரண்டு தோழிகள், வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிக்கும் பையன் என்று பலரும் அவரிடம் வருவார்கள். இதெல்லாம் நமக்குப் புரிகிறது. ஆனால் 1952-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் இவர்களின் பொறுப்பை இன்று மூன்றாகப் பிரிக்கிறது. ஒன்று படிப்பு. இன்னொன்று மனநலமும் பழகும் விதமும். மற்றொன்று, பிற்காலத் தொழில் வாழ்க்கை. கிண்டர்கார்டனில் சேரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இந்த மூன்றும் உண்டு.

ஐந்து வயதில் தொழில் ஆலோசனையா? பல் விழுந்து முளைக்காத பிள்ளையிடம் எதிர்காலத் தொழிலைப் பற்றி என்ன பேசுவது? நியாயமான கேள்விதான். இதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வோம். 1908-இல் பாஸ்டன் நகரத்தில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் ஒரு தொழில் வழிகாட்டு நிலையத்தைத் தொடங்கினார். என்ன வேலைக்குப் போவது என்று தெரியாமல் நின்ற இளைஞர்களுக்கானது அது. அவர் காட்டிய வழியில் மூன்று படிகள்: உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் சேர்த்து யோசித்து முடிவெடு. அதே ஆண்டு அவர் இறந்துவிட்டார். அவருடைய புத்தகம் 1909-இல் வெளிவந்தது. தொழில் ஆலோசனை என்ற துறைக்கு அதுதான் அடித்தளம். முடிவெடுக்க வேண்டிய வயதில் நிற்பவர்களுக்காகப் போட்ட அடித்தளம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

அடுத்த பெரிய திருப்பம் வானத்திலிருந்து வந்தது. 1957-இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும், அறிவியலில் பின்தங்கிவிட்டோமோ என்ற பயம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. திறமையான மாணவர்களை அடையாளம் கண்டு அறிவியல் படிப்புகளுக்கு அனுப்ப ஆலோசகர்கள் வேண்டும் என்று, அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மத்திய அரசு பணம் ஒதுக்கியது. அதுவும் உயர்நிலைப் பள்ளியை மனதில் வைத்துத்தான். 1964-இல் சட்டத்தைத் திருத்திய பிறகே தொடக்கப் பள்ளி அதற்குள் வந்தது. சின்னப் பிள்ளைகளின் ஆலோசகர் இந்த வீட்டுக்குக் கடைசியாக வந்தவர். அவர் கையில் கிடைத்ததோ பெரிய பிள்ளைகளுக்காகச் செய்த கருவிகள்.

எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. தொழில் ஆலோசனை என்றால் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க உதவுவது. தேர்வு பதினாறு, பதினேழு வயதில் வருகிறது. ஆகவே அதற்கு முன்னால் செய்ய ஒன்றுமில்லை. பெற்றோர் இப்படி நினைக்கிறார்கள், ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். ஆலோசகர் பட்டம் படிக்க வருபவர்களிலும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் மேல் உள்ள பிரியத்தால் தொடக்கப் பள்ளியைத் தேர்ந்துகொண்ட ஒருவருக்கு, தொழில் வளர்ச்சி என்ற பாடம் தமக்குத் தேவையில்லாத சுமையாகவே தோன்றும்.

இந்த எண்ணம் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். லிண்டா காட்ஃபிரட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1981-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அதன் சாரம் இது: பிள்ளைகள் வேலைகளைத் தேர்ந்தெடுப்பதற்குப் பல வருடங்கள் முன்பே வேலைகளைக் கழித்துக்கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். தேர்வு கடைசியில் வருகிறது. அது வரும்போது பெரும்பாலான வேலைகள் ஏற்கனவே பட்டியலில் இருப்பதில்லை.

கழிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. மூன்று முதல் ஐந்து வயதில், பெரியவர்கள் என்றால் வேலைக்குப் போகிறவர்கள் என்பது பிள்ளைக்குப் பிடிபடுகிறது. ஆறு முதல் எட்டு வயதில் உலகம் ஆண், பெண் என்று இரண்டாகிறது. இது அவர்கள் வேலை, இது நம் வேலை என்று கோடு போடுகிறார்கள். ஒன்பது முதல் பதின்மூன்று வயதில் மதிப்பு கண்ணில் படுகிறது: எந்த வேலைக்கு மரியாதை, எது நம் குடும்பத்துக்கு ஏற்றது, எது நம்மால் எட்ட முடியாதது. பதினான்கு வயதுக்குப் பிறகுதான், எனக்கு உண்மையில் என்ன பிடிக்கும் என்ற கேள்வி வருகிறது. வயது எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல இருக்காது. நாம் பார்க்க வேண்டியது வரிசையை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி கடைசியில் வருகிறது.

வயலில் இதற்கு ஒரு ஒப்புமை உண்டு. நெற்பயிர் சின்னதாக இருக்கும்போது அதற்கும் சில புல் வகைகளுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். அனுபவப்பட்ட கை அடித்தண்டைப் பார்த்து, இலையைத் தடவிப் பார்த்துப் பிரிக்கும். ஒரு சின்னப் பிள்ளையைக் களை பறிக்க இறக்கிவிட்டால், உற்சாகமாக வேலை செய்யும், நெல்லையும் சேர்த்துப் பிடுங்கிப் போடும். எது எதுவாக வளரும் என்று தெரிவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளை தன் எதிர்காலத்தில் செய்வதும் இதுதான்.

காட்ஃபிரட்சன் சொன்னதில் இன்னொன்று முக்கியம். ஒருமுறை கழித்ததைப் பிள்ளைகள் தாமாகத் திரும்பி எடுத்துப் பார்ப்பது அரிது. வெளியிலிருந்து ஏதாவது வந்து தூண்ட வேண்டும்: ஒரு புதிய அனுபவம், எதிர்பாராத ஒரு மனிதர், ஒரு கேள்வி. தொடக்கப் பள்ளி ஆலோசகரின் இடம் அதுதான். ஒரு வேலையைப் பிள்ளையின் கையில் கொடுப்பது அவர் பணி அல்ல. காரணமில்லாமல் கழிந்துபோவதைத் தாமதப்படுத்துவதும், கழிந்ததை இன்னொரு முறை கண்ணில் காட்டுவதும்தான் அவர் பணி.

இது வெறும் ஊகமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1983-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கிண்டர்கார்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரை படித்த 4,807 பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார்கள். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர் மட்டுமே. அந்த 28 பேரும் சிறுமிகள். கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மிகச் சின்னப் பிள்ளைகளின் படங்களில் வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, தாடி போன்ற அடையாளங்கள் குறைவு. வகுப்பு ஏற ஏற அவை கூடின. அந்த உருவத்தோடு அவர்கள் பள்ளிக்கு வரவில்லை, வளர வளரப் பழகிக்கொண்டார்கள்.

பிறகு நிலைமை மாறியிருக்கிறது. இப்படிப்பட்ட 78 அமெரிக்க ஆய்வுகளை 2018-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, 1985 முதலான ஆய்வுகளில் பெண் விஞ்ஞானிகளின் பங்கு சராசரியாக 28 சதவீதமாக உயர்ந்திருந்தது. பிள்ளைகளின் எண்ணம் கல்லில் பொறித்ததல்ல, சுற்றி இருப்பது மாறினால் அதுவும் மாறும் என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் வயது ஏற ஏற ஆண் விஞ்ஞானியை வரைவது கூடும் போக்கு மட்டும் அப்படியே இருந்தது. 2017-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த இன்னோர் ஆய்வு இதைவிட மனதைத் தொடும். ஐந்து வயதில் சிறுவர், சிறுமியர் இரு தரப்பும், அபாரமான புத்திசாலி என்றால் தங்கள் பக்கத்தவர் என்றே நினைத்தார்கள். ஆறு, ஏழு வயதில் சிறுமிகளிடம் அந்த நம்பிக்கை குறைந்தது. மிக மிகப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொல்லிக் காட்டியபோது, அந்த வயதுச் சிறுமிகளுக்கு அதில் ஆர்வம் குறைந்தது. ஐந்து வயதுக்கும் ஆறு வயதுக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை இருக்கும் இடம் தொடக்கப் பள்ளி.

இப்போது பயிற்சிக்கு வருவோம். அமெரிக்காவில் பள்ளி ஆலோசகர் ஆகப் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் வேண்டும். உரிம விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆலோசகர் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் கேக்ரெப் என்ற அமைப்பின் விதிப்படி 60 செமஸ்டர் கிரெடிட் படிக்க வேண்டும். எல்லோரும் படித்தாக வேண்டிய எட்டு அடிப்படைப் பகுதிகளில் தொழில் வளர்ச்சியும் ஒன்று. அதன் பிறகு களப்பயிற்சி: முதலில் 100 மணி நேரம், அதில் குறைந்தது 40 மணி நேரம் நேரடியாக ஆட்களோடு; அடுத்து 600 மணி நேரம், அதில் குறைந்தது 240 மணி நேரம் நேரடியாக. கொஞ்சநஞ்சப் பயிற்சி அல்ல இது.

ஆனால் தொழில் வளர்ச்சிப் பாடத்துக்குள் இருப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கான சரக்கு. ஆர்வத்தை அளக்கும் வினாத்தாள், வேலை விண்ணப்பம் எழுதும் முறை, நடுவயதில் வேலை மாறுபவரின் சிக்கல். எட்டு வயதுப் பிள்ளையிடம் ஆர்வ வினாத்தாளைக் கொடுத்தால், ஏற்கனவே கழித்துப் போட்டது போக மிஞ்சியதைத்தான் அது அளக்கும். ஆகவே தொடக்கப் பள்ளிக்குப் போகிறவருக்கு வேறு பயிற்சி வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ஆலோசகர் தம்மையே பார்த்துக்கொள்வது. தொழில் வம்ச வரைபடம் என்று ஒரு பயிற்சி உண்டு. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை என்று குடும்பத்தை வரைந்து, ஒவ்வொருவர் பெயரின் கீழும் அவர் என்ன வேலை செய்தார் என்று எழுத வேண்டும். பிறகு கேள்விகள். எந்த வேலையை வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள்? யாரைக் காட்டி 'அவனைப் போல ஆகிவிடாதே' என்றார்கள்? வீட்டு வேலையை யாரும் வேலை என்று எண்ணினார்களா? இந்தத் தாளை முடித்தவர், தாமும் சின்ன வயதில் எதையெதையோ காரணம் தெரியாமல் கழித்தவர்தான் என்று கண்டுகொள்வார். அதைக் காணாதவர், தம் கோடுகளையே பிள்ளைகளிடமும் போட்டுவிடுவார்.

இரண்டாவது, பிள்ளை சொல்வதைக் கேட்கும் விதம். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, 'விமானம் ஓட்டுவது பையன்கள் வேலை' என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனதுள்ள பெரியவர் உடனே, 'இல்லம்மா, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்' என்பார். சொன்னது சரி. ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிட்டது, அவள் எண்ணமும் அப்படியே இருக்கிறது. ஏனென்றால் அவளிடம் இருப்பது வெறுப்பு அல்ல, கணக்கு. படத்தில் பார்த்த விமானி ஆண், கதையில் வந்த விமானி ஆண், பயணத்தில் கதவருகே நின்ற விமானி ஆண். பார்த்ததையெல்லாம் கூட்டி ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த வயதின் புத்திசாலித்தனமே அதுதான். 'உனக்கு எப்படித் தெரிந்தது? யார் யாரைப் பார்த்தாய்?' என்று கேட்டால் அவள் தன் கணக்கைச் சொல்வாள். அப்போது அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள ஒரு புதிய ஆளைக் காட்டலாம். ஒருவர் போதாது, நான்கைந்து பேர் வேண்டும். பயிற்சியில் இதை ஒருவருக்கொருவர் நடித்துப் பார்த்து, பதிவு செய்து, மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து திரும்பக் கேட்க வேண்டும். அவசரப்பட்டு மறுப்பது எவ்வளவு பழகிப்போன வழக்கம் என்று தம் குரலைத் தாமே கேட்டால்தான் தெரியும்.

மூன்றாவது, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எப்படி உருவாகிறது என்பது. உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா இதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பிக்கைக்குரியவர் சொல்லும் சொல், அந்த நேரத்தில் உடலும் மனமும் உணரும் பதற்றமோ நிதானமோ. 1994-இல் லென்ட், பிரவுன், ஹாக்கெட் என்ற மூவரும் இதைத் தொழில் வாழ்க்கையோடு பொருத்தி ஒரு கோட்பாடாக்கினார்கள். நான்கில் முதலாவதுதான் பலமானது. ஆகவே நான்காம் வகுப்பில் 'எனக்குக் கணக்கு வராது' என்று ஒரு பையன் சொன்னால், அது கணக்கு ஆசிரியரின் கவலை மட்டும் அல்ல. கணக்கு தேவைப்படும் எல்லா வேலைகளையும் அவன் அந்த ஒரு வாக்கியத்தில் கழிக்கிறான். 'உன்னால் முடியும்' என்று தட்டிக்கொடுப்பது மூன்றாவது ஊற்று. நல்லதுதான், ஆனால் போதாது. அவன் தானே செய்து முடிக்கக்கூடிய அளவில் ஒரு கணக்கைக் கொடுக்க, வகுப்பு ஆசிரியரோடு ஆலோசகர் கைகோக்க வேண்டும்.

நான்காவது, வகுப்பறையில் பாடம் நடத்துவது. ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை; பெரும்பாலான மாநிலங்களில் அதைவிட அதிகம். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேச நேரம் இருக்காது. ஆகவே வகுப்புப் பாடம்தான் பெரிய வழி. எப்படி இருக்கும் அது? பள்ளிக் கட்டடத்திலிருந்தே தொடங்கலாம். இன்று மதியம் உங்கள் தட்டுக்குச் சாப்பாடு வந்ததே, அதற்கு எத்தனை பேர் வேலை செய்திருப்பார்கள்? சமையல் கூடத்தில் இருப்பவர், காய்கறி லாரி ஓட்டுபவர், கணக்கு எழுதுபவர், குளிர்சாதனப் பெட்டியைப் பழுதுபார்ப்பவர், எது சத்தானது என்று திட்டமிடுபவர், விளைவித்தவர். பட்டியல் நீளும். முதலில் ஒரு கருவியைக் காட்டி, இது யாருக்கு எதற்கு உதவும் என்று யோசிக்கவிட்டு, அதன் பிறகு அதைப் பயன்படுத்துபவரை அழைத்து வரலாம். ஆளுக்கு முன்னால் வேலை மனதில் பதிந்துவிட்டால், ஆணா பெண்ணா என்ற கோடு போடுவதற்கு இடம் குறைகிறது.

தொழில் நாள் என்று வருடத்துக்கு ஒரு முறை விருந்தினர்களை வரிசையாக அழைத்துப் பேசவைக்கும் வழக்கம் அங்கே பல பள்ளிகளில் உண்டு. தீயணைப்பு வண்டி வரும், பிள்ளைகள் மகிழ்வார்கள். அந்த மகிழ்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் பார்த்தது, வருடம் முழுவதும் கூட்டிய கணக்கை மாற்றாது. வருபவர் தம் வேலையின் ஒரு சின்னத் துண்டைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துச் செய்யவைத்தால்தான் பந்தூராவின் முதல் ஊற்று திறக்கும். யாரை அழைப்பது, என்ன செய்யச் சொல்வது, அடுத்த வாரப் பாடத்தோடு அதை எப்படிச் சேர்ப்பது என்று திட்டமிடவும் பயிற்சி வேண்டும்.

ஐந்தாவது, குடும்பம். டொனால்ட் சூப்பர் என்ற அறிஞர், மனிதரின் தொழில் வாழ்க்கையைப் பிறப்பு முதல் முதுமை வரை நீளும் ஒன்றாகப் பார்த்தவர். பதினான்கு வயது வரையிலான காலத்தை வளர்ச்சிப் பருவம் என்றார். குறுகுறுப்பு, தேடிப் பார்ப்பது, இன்றைக்கும் நாளைக்கும் தொடர்பு உண்டு என்ற உணர்வு ஆகியவை வளரும் பருவம் அது. அதற்குத் துணையாக, பார்த்துப் பழக முக்கியமான சில மனிதர்களும் வேண்டும் என்றார். அந்த மனிதர்களில் முதலில் நிற்பவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஒன்பது, பத்து வயதில் மதிப்பின் ஏணி பிள்ளையின் கண்ணில் படும்போது, தன் அப்பா லாரி ஓட்டுகிறார் என்று சொல்லக் கூச்சப்படலாம். அப்போது, பயிற்சி பெற்ற ஆலோசகர் அந்த வேலையைப் பிரித்துக் காட்டுவார்: வழி தெரிய வேண்டும், நேரம் கணக்கிட வேண்டும், வண்டியின் சத்தத்தை வைத்தே கோளாறு தெரிய வேண்டும், சரக்குக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். பெரிய கனவு காணச் சொல்லும் ஆர்வத்தில் வீட்டாரின் உழைப்பைச் சிறுமைப்படுத்திவிடக் கூடாது. அது பிள்ளையை இரண்டாகப் பிளந்துவிடும்.

இங்கே ஒரு பயத்தையும் மதித்துப் பேச வேண்டும். விளையாட வேண்டிய வயதில் பிள்ளைகளைச் சந்தைக்குத் தயார்செய்கிறோமோ என்று சிலர் வருந்துகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் திறன் தேர்வு வைத்து, இவன் இதற்குத்தான் என்று முத்திரை குத்தினால் அந்த வருத்தம் முழுக்க நியாயம். நாம் பேசிக்கொண்டிருப்பது அதற்கு நேர் எதிரானது. முத்திரை குத்துவதைத் தள்ளிப்போடும் வேலை இது. ஏற்கனவே உலகம் பிள்ளையிடம் ஓயாமல் தொழிலைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது: விளம்பரத்தில், பொம்மைக் கடையின் அலமாரியில், உறவினர் பேச்சில். ஆலோசகர் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பேச்சு நிற்காது. எதிர்ப்பேச்சு இல்லாமல் தொடரும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு சிரமம். மூன்றாம் வகுப்பில் ஆலோசகர் செய்த வேலையின் பலன் தெரிய ஏழெட்டு வருடம் ஆகும். அப்போது பிள்ளை வேறு பள்ளியில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பலனுக்காக உழைப்பவர் சோர்ந்துபோவது எளிது. பள்ளி நிர்வாகமும், எங்கே பலன் என்று கேட்கும். ஆகவே சின்ன அளவுகோல்களை வைத்துக்கொள்ளவும் கற்றுத்தர வேண்டும். பாடங்களுக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளிடம் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: இந்த இருபது வேலைகளில் எவை உன்னைப் போன்ற ஒருவர் செய்யக்கூடியவை? எது பிடிக்கிறது என்று கேட்க வேண்டாம். எது சாத்தியம் என்று மட்டும் கேட்டால் போதும். ஆறு என்று எழுதிய பிள்ளை பன்னிரண்டு என்று எழுதினால், ஏதோ நடந்திருக்கிறது.

ஆலோசகரே இல்லாத பள்ளியிலும் வீட்டிலும் நாம் செய்யக்கூடியதும் இதிலிருந்து கிடைக்கிறது. பிள்ளை 'நான் டாக்டர் ஆவேன்' என்றால் பூரித்துப்போகிறோம். அது அடுத்த வாரம் மாறும், மாறட்டும். 'அது எனக்கு இல்லை' என்று சொல்லும்போதுதான் நாம் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். எதை வைத்து அப்படிச் சொல்கிறது என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேட்டு, அதன் கணக்கில் இல்லாத ஒரு மனிதரை, ஓர் அனுபவத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதன் பிறகும் பிள்ளை அந்த வேலையை வேண்டாம் என்றால் சந்தோஷம்தான்: இப்போது அது பார்த்துவிட்டுச் சொல்கிறது.